உப்புப் பானையில் வைத்த சுருட்டு

எங்கள் வீட்டில் யாருக்கும் சுருட்டுப் பழக்கம் கிடையாது. அப்பா வெற்றிலை போடுவார், அவ்வளவுதான். ஆனாலும் எனக்குக் கல்யாணம் நடந்த வருஷம் எங்கள் குசினியில் ஒரு கட்டுச் சுருட்டு மாசக்கணக்கில் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எழுதி வைத்தால் அவர்கள் சிரிக்கிற சத்தம் என் காதில் விழாது.

அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தூத்துக்குடியை விட்டு வேம்பார் போகிற ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், ரோட்டுக்குக் கடல் பக்கமாக அளம் அளமாக விரிந்து கிடக்கும். அதில் ஒன்றில் அப்பா கங்காணி. அளத்தை ஒட்டியே எங்கள் வீடு. காலையில் கதவைத் திறந்தால் வெள்ளையாக உப்புக் குவியல்தான் முதலில் கண்ணில் படும். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது, கண் கூசும்.

என்னைக் கேட்டிருந்த மாப்பிள்ளை வீடு திரேஸ்புரம். மாமனார் கடலில் மூழ்கி முத்துக் குளிக்கிறவர். முத்துக்குளிப்பு என்பது நினைத்த வருஷமெல்லாம் வராது. சிப்பி விளைந்திருக்கிறது என்று சர்க்கார் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. இல்லாத வருஷங்களில் சங்கு குளிப்பார். அவர் மூச்சை அடக்கிக் கடலுக்குள் போகும்போது மேலே தோணியில் நின்று கயிற்றைப் பிடிக்கிறவர் அவருடைய மகன், அதாவது எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை. அவரை நான் அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அம்மாவோடு மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தபோது மணலில் உட்கார்ந்து ஈரக் கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. ஒரு சுற்று பிசகினால் அதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். அந்தக் கை எனக்குப் பிடித்துப்போயிற்று. யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அவரிடம்கூடச் சொன்னதில்லை.

மாமனாருக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை சுருட்டு. அதுவும் யாழ்ப்பாணச் சுருட்டு. அவருடைய அண்ணன் அங்கே புகையிலைக் கடை வைத்திருந்தார். கருப்பட்டிப் பாகும் புகையிலைச் சாறும் ஊறின இலையில் பெருவிரல் தண்டிக்குச் சுற்றி, கட்டாகக் கட்டி, பனையோலையில் பொதிந்து, கொழும்புத் தோணிக்காரர்கள் கையில் தம்பிக்குக் கொடுத்து அனுப்புவார். அந்த அண்ணன் எங்கள் கல்யாணப் பேச்சு நடப்பதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அங்கேயே இறந்துபோனார். கடைசியாக அனுப்பிய கட்டு மட்டும் பிரிக்காமல் இருந்தது.

தை மாசத்தில் பேசி முடித்து, ஈஸ்டர் திருநாளான பாஸ்கு கழிந்து கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அதற்குள் முத்துக்குளிப்பு அறிவித்துவிட்டார்கள். ஊரே வேறு ஊராக மாறிப்போனது. எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வந்து இறங்கினார்கள். முத்துக் குளிக்கிறவர்கள் வீடுகளில் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குளிப்பெல்லாம் முடிந்து ஆனியில், மாதா கோயிலில் கொடி ஏறுவதற்கு முன்னால் நடத்திக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள்.

மாமனாருக்கு ஒரு வழக்கம் உண்டு. தபசு காலம் தொடங்குகிற விபூதிப் புதனில் இருந்து பாஸ்கு வரைக்கும் சுருட்டைத் தொடமாட்டார். முத்துக்குளிப்பு வருகிற வருஷமென்றால் அது முடிகிற வரைக்கும் தொடமாட்டார். மூச்சுதானே முதல். அந்த வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்தார். கையில் அந்தக் கட்டு. நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இது எங்க வீட்டுல இருந்தா என் கை சும்மா இருக்காது, வே," என்றார் அப்பாவிடம். "ஒங்க வீட்டுல ஒருத்தருக்கும் இந்தப் பழக்கம் கெடையாது. நீரு வச்சிரும். கல்யாணத்தன்னைக்கு எடுத்துக் குடும், அன்னைக்குப் பிரிச்சிக்கிடுதேன். அண்ணன் கையால வந்த கடைசிக் கட்டு."

அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். சம்பந்தம் பேசி முடித்த அன்றுகூட அவர் அவ்வளவு பெருமையாக இருந்து நான் பார்க்கவில்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் வந்தது வினை. எங்களுடையது உப்புக்காரர் வீடு. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஈரமாக இருந்தால் கெடும், காய்ந்திருந்தால் கெடாது. உப்பு காயவேண்டும். கருவாடு காயவேண்டும். மிளகாய், புளி, விறகு எல்லாம் காயவேண்டும். அளத்துக் காற்றில் இரும்பு ஆணிகூட ஊறி உதிர்ந்துபோகும். அதனால் பெட்டியில் வைக்கக்கூடாது, தரையில் வைக்கக்கூடாது என்று அப்பாவும் அம்மாவும் யோசித்து, கடைசியில் அடுப்புக்கு நேர் மேலே இருந்த பரணில் வைத்தார்கள். பத்திரப்படுத்த வேண்டிய பொருளை நாங்கள் அங்கேதான் வைப்போம். கருவாட்டு வாசம் பிடித்துவிடக்கூடாது என்று கருவாட்டுப் பெட்டியை அம்மா இந்த ஓரத்துக்கு நகர்த்தினாள். அப்பாவே ஏறி நின்று கட்டை அந்த ஓரத்தில் வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை கண்டு வந்ததும் குசினி வாசலில் நின்று ஒரு தடவை மேலே பார்ப்பார். தொடமாட்டார். மற்றவர் பொருள்.

குளிப்பு நடந்த நாட்களில் காற்று திரும்பினால், முத்து எடுப்பதற்காகக் கரையில் அழுகப்போட்ட சிப்பியின் வாடை எங்கள் வீடு வரைக்கும் வரும். சோறு இறங்காது. ஆனால் அந்த வாடை வருகிறதென்றால் எல்லாரும் உயிரோடு சிப்பி அள்ளிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்வேன். அங்கிருந்து சேதி கொண்டுவருகிறவள் எங்கள் பக்கத்து வீட்டு மீன்காரப் பெரியம்மா. தலையில் மீன்கூடையும் வாயில் சுருட்டுமாகத்தான் அவளை யாரும் பார்த்திருப்பார்கள். கடல் காற்றில் அணைந்துவிடக்கூடாது என்று நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக் குடிப்பாள். அப்படியே பேசவும் செய்வாள்.

"ஏளா, ஒன் மாமனாரு பக்கத்துத் தோணிக்காரன் சுருட்டுப் பத்தவச்சா மூஞ்சியத் திருப்பிக்கிடுதாராம்," என்பாள். "அங்கன எல்லாவனும் அவரு முன்னால வேணும்னே ஊதுதானுவளாம்." மாப்பிள்ளையைப் பற்றியும் ஏதாவது சொல்லமாட்டாளா என்று இருக்கும். கேட்க வாய் வராது. அவளும் நான் கேட்கட்டும் என்றே சொல்லமாட்டாள்.

குளிப்பு நல்லபடியாக முடிந்தது. மேல்காற்று வீசத் தொடங்கியது. ஆனியில் நாள் குறித்தார்கள். கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, தூசி தட்டி வைப்போம் என்று அப்பா அந்தக் கட்டைப் பரணிலிருந்து இறக்கினார். ஓலையைப் பிரித்ததும் சருகை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஒரு சுருட்டின் மேல் அப்பாவின் விரல் பட்டது. மேல் இலையின் ஓரம் பொரிந்து அவர் உள்ளங்கையில் தூளாக உதிர்ந்தது. மெதுவாக இன்னொன்றைத் தொட்டார். அதுவும் அப்படித்தான். அத்தனை மாசம் அடுப்புச் சூட்டில் கிடந்து, கட்டு முழுக்க அப்பளம் மாதிரி ஆகியிருந்தது.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். வேறு கட்டு வாங்கி வைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். கடையில் திருச்சிச் சுருட்டு கிடைக்கும். ஆனால் மாமனார் கையில் எடுத்ததுமே கண்டுபிடித்துவிடுவார். அப்படியே கண்டுபிடிக்காவிட்டாலும் அது அண்ணன் அனுப்பியது ஆகுமா?

இன்னொரு பயமும் இருந்தது. மாமனார் முன்னே ஒருவரோடு பங்காகச் சங்கு குளித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள், பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த கயிற்றை மழையில் போட்டுவிட்டார் என்பதற்காக மாமனார் அவரோடு பேச்சையே முறித்துக்கொண்டார். கயிற்றை நம்பிக் கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு, ஒப்படைத்த பொருளை எப்படி வைத்திருக்கிறான் என்பதுதான் ஒரு மனுஷனுக்கு அளவு. அது அப்பாவுக்கும் தெரியும்.

"நான் போயிச் சொல்லிருதேன்," என்றார் அப்பா. "ஒரு கட்டுச் சுருட்ட வச்சிக்கிடத் தெரியாதவன் வீட்டுல பொண்ணு எடுக்கணுமான்னு அவரு நெனச்சா நெனச்சிட்டுப் போட்டும்."

அம்மா விடவில்லை. கல்யாணம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன கல்யாணம். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கை அதன்பாட்டுக்குப் புடைத்தது. கண்ணுக்கு முன்னால் அந்த ஈரக் கயிறுதான் தெரிந்தது.

முதலில் அம்மாதான் வைத்தியம் பார்த்தாள். காய்ந்த பண்டம் எதுவானாலும் ஆவியில் வைத்தால் இளகும் என்று, ஒரே ஒரு சுருட்டைத் துணியில் சுற்றி இட்லிப் பானையில் வைத்தாள். திறந்து பார்த்தால் அது ஊதிப் பெருத்து, மேல் இலை நெடுக வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா உள்ளே வந்தாள். மறைக்க முடியவில்லை. விஷயத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மாதாமேல் சத்தியம் பண்ணிவிட்டு, அந்த வெடித்த சுருட்டை எடுத்துக்கொண்டு போனாள். வெயிலில் உணத்தி, நூல் சுற்றிப் பற்றவைத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் வந்து அம்மாவிடம், "இட்லி வாசம்லா அடிக்கு. இனிமே சட்னியும் சேத்துக் குடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒருவரும் கட்டின் பக்கம் போகவில்லை. ஓலையில் சுற்றி மூலையில் வைத்திருந்தது. வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு வழி தோன்றியது தீப்பெட்டியால்தான். சமைக்கிற அவசரத்தில் தீப்பெட்டியை உப்புச் சட்டிப் பக்கத்தில் வைத்துவிடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எங்கள் வீட்டு உப்பு அளத்திலிருந்து நேராக வருகிற கல் உப்பு. எப்போதும் லேசாகக் கசிந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் வைத்த தீப்பெட்டி நமுத்துப்போகும். உரசினால் மருந்து வழண்டு, பிய்ந்து வருமே ஒழியப் பற்றாது. அதற்காக நான் அம்மாவிடம் வாங்காத பேச்சு இல்லை. அன்றைக்கும் குச்சி பற்றவில்லை. அன்றைக்கும் அம்மா ஏசினாள். நான் நமுத்த பெட்டியைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் ஒரு சொட்டு அதன்மேல் படவில்லை. ஆவியும் படவில்லை. சும்மா பக்கத்தில் இருந்ததற்கே இப்படி மெத்தென்று ஆகியிருக்கிறது. ஊறவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. தீப்பெட்டிக்குக் கெடுதல் செய்தது சுருட்டுக்கு நல்லது செய்யாதா?

அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னாலும் சரியாகச் சொல்லத் தெரியாது. கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய மண்பானை ஒன்றை எடுத்தேன். பாதிக்குக் கல் உப்பைப் போட்டு, கையால் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தினேன். அதன்மேல் ஓலைத்தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். உப்பு சுருட்டின்மேல் படக்கூடாது என்பதற்குத்தான். தட்டின்மேல் சுருட்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினேன். கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரித்தான் ஒவ்வொன்றையும் தூக்கவேண்டியிருந்தது. வாயைத் துணியால் கட்டி, குடிதண்ணீர்ப் பானைக்குப் பின்னால், அடுப்புச் சூடு வராத இடத்தில் வைத்தேன். அம்மா பார்த்தாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் விளக்குமாறு போகும்போது கொஞ்சம் விலகிப் போனது.

அவசரப்படக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. ஆவி அவசரப்பட்டதால்தானே அது வெடித்தது. தினம் காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் துணியை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் புரட்டி வைப்பேன். ஒரே பக்கம் ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துவிடும். உப்பு காய்ந்ததாகத் தெரிந்தால் ஓரத்தில் மட்டும் தெளிப்பேன். ஒரு சுருட்டைக் காதுப் பக்கம் கொண்டுபோய் லேசாக அழுத்திப் பார்ப்பேன். முதலில் சரசரவென்றது. நாளாக ஆக அந்தச் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. வாசமும் திரும்பி வந்தது. முதலில் வெறும் தூசி வாசம்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் துணியை அவிழ்த்தபோது கருப்பட்டி வாசம் முகத்தில் அடித்தது. நான் துணியைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் தட்டிலிருந்து நழுவி உப்பின்மேல் விழுந்து கிடந்தது. எப்போது விழுந்ததோ தெரியவில்லை. நுனி லேசாக வளைந்து, இலையில் வெள்ளை பூத்திருந்தது. துடைத்து எடுத்தேன். தூரப் போட மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒன்று குறைகிறது. கட்டும்போது அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்துக்கொள்வோம், கடைசியாகத்தானே எடுப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் பாதி தேறியும் பாதி தேறாமலும் இருக்கிற சமயத்தில்தான் ஒரு நாள் மாமனார் திடீரென்று வந்துவிட்டார். பந்தலுக்குக் கம்பு எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்க வந்ததாகச் சொன்னார். அம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் குழைந்த குரலில் கேட்டார்.

"நம்ம சரக்கு சொகமா இருக்கா, வே? நான் தொடமாட்டேன். ஒரு தடவ கண்ணுல காட்டும். வாசம் மட்டும் பிடிச்சிக்கிட்டுப் போறேன்."

அப்பாவுக்குப் பொய் சொல்லவே வராது. குசினிப் பக்கம் திரும்பினார். அந்தத் திரும்பலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் என்று. பானைக்குள் இருந்தவை இன்னும் தொட்டால் பொடிகிற பதத்தில்தான் இருந்தன. எடுத்துக் காட்டினால் அதோடு முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் மாமனார் காதில் பெண் குரல் விழுவதில்லை அந்தக் காலத்தில். நான் வீட்டு ஆட்களிடமே சத்தமாகப் பேசாதவள். எங்கிருந்து வந்ததோ, கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"கல்யாணத்தன்னைக்குத்தான் பிரிக்கணும்னு நீங்கதான சொன்னிய."

குரல் நடுங்கியதில் அது ஏதோ அதட்டல் மாதிரி வெளியே வந்துவிட்டது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு மாமனார் தொண்டையைச் செருமுவது கேட்டது. சிரித்தார் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

"சரிதான். பெட்டிச் சாவி யாரு கையில இருக்குன்னு இப்பல்லா தெரியுது," என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். குசினியிலிருந்து கருப்பட்டி வாசம் ஏதாவது போயிருக்குமோ என்னவோ.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சுருட்டுகளைப் பானையிலிருந்து எடுத்தேன். எதையும் அழுத்தினால் சத்தமில்லை. விரலுக்கு அமுங்கி, விட்டதும் மெதுவாகத் தன் பழைய உருவத்துக்கு வந்தது. வளைந்ததை அடியில் வைத்து, பழைய நாரிலேயே கட்டி, புது ஓலையில் சுற்றி அப்பா கையில் கொடுத்தேன். அப்பா ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

கோயிலில் கல்யாணம் முடிந்து எங்கள் வீட்டுப் பந்தலில் சாப்பாடு. என்னையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். நான் குனிந்த தலை நிமிரவில்லை. அப்போது அவர் என் பக்கம் லேசாகச் சாய்ந்து, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "ஒங் கையில எங்க அப்பா வாசம் அடிக்கி." என் புருஷன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் இரண்டு கையையும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமனார் பந்தல் நடுவில் நின்று, சரக்கைக் கொண்டாரும் என்றார். அப்பா வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மாமனார் ஓலையைப் பிரித்தார், கட்டை அவிழ்த்தார். மேலே இருந்த எதையும் தொடவில்லை. கட்டைத் திருப்பிப் பிடித்து அடியிலிருந்து ஒன்றை உருவினார். அடியில் கிடப்பதுதான் நன்றாக ஊறியிருக்கும் என்பது அவருடைய எண்ணம். அது எனக்கு எப்படித் தெரியும்? நுனி வளைந்திருந்ததைப் பார்த்தேன்.

காதுப் பக்கம் வைத்து அழுத்திப் பார்த்தார். சத்தமில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். யாரோ நெருப்பைக் கொடுத்தார்கள். மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பற்றவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். புகையை விட்டுவிட்டு உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தார்.

"உப்பு கரிக்கே," என்றார்.

அப்பாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பரணில் வைத்தது, காய்ந்தது, ஒன்று ஆவியில் வெடித்தது, பிள்ளை உப்புப் பானையில் வைத்துத் தேற்றியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் பெண்கள் பக்கமிருந்து பெரியம்மா எழுந்து, "கொறையுத ஒண்ண நாந்தான் குடிச்சேன் அண்ணாச்சி. இட்லி வாசம் அடிச்சிது, நீங்க தப்பிச்சிய," என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. கையில் இருந்த சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை இழுத்தார்.

"குளிச்சி மேல வந்து, தோணியில ஏறி, ஈரத்தோட பத்தவச்சா மொத இழுப்பு இப்படித்தான் இருக்கும்," என்றார். அப்பாவிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்கே சொன்ன மாதிரியும் இருந்தது. "ஒதட்டுல கடல் இருக்கும்லா. இந்தக் குளிப்பு பூரா அது இல்லாமலே ஏறி எறங்கிட்டேன். இங்க இருக்கு."

அப்புறம் அப்பாவின் தோளில் கையைப் போட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மீதிக் கட்டை நாரால் கட்டினார். அப்பாவிடம் கொடுக்கவில்லை. எழுந்து எங்கள் பக்கம் வந்து, என் மடியில் வைத்தார்.

"யம்மா, இனி இது ஒங்கிட்டயே இருக்கட்டும். ஒண்ணு ஒண்ணாக் குடு."

அந்தப் பானையோடுதான் நான் திரேஸ்புரத்துக்குப் போனேன். சீரோடு சீராக உப்புப் பானையும் வண்டியில் ஏறியது. அதற்கப்புறம் அவர் இருந்தவரைக்கும் எனக்கும் அவருக்கும் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. சாயங்காலம் குசினி வாசலில் ஒரு கை நீளும். ஆள் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். உப்புத் தண்ணீரில் வெளுத்து, சிப்பி கிழித்த வடுவோடு இருக்கிற கை. நான் ஒரு சுருட்டை வைப்பேன். கை போய்விடும். அண்ணன் கொடுத்த கட்டு தீர்ந்தபிறகு தோணிக்காரர்கள் யாராவது வாங்கி வருவார்கள். அதுவும் நேராகப் பானைக்குத்தான் வரும். தெருவில் யார் வீட்டிலாவது சுருட்டு காய்ந்துபோனால்கூட, ஒரு பொட்டலம் சத்தமில்லாமல் எங்கள் குசினிக்கு வந்து சேரும். ஒவ்வொரு விபூதிப் புதனுக்கும் முந்தின நாள் கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, பாஸ்கு அன்றைக்கு வந்து கையை நீட்டுவார்.

கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அவருக்கு வயதாகிவிட்டது. நெஞ்சில் பலமில்லை, குளிக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என் புருஷன் வேறு ஒருவருக்குக் கயிறு பிடிக்கப் போனார். மாமனார் கடற்கரையில் போய் உட்கார்ந்து, தோணிகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வருஷமும் விபூதிப் புதனுக்கு முன்னால் கட்டை என்னிடம் கொடுத்தார். பாஸ்கு வந்தது. கை நீளவில்லை. நானாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் தலையை ஆட்டினார். "இன்னும் குளிப்பு முடியலையே," என்றார்.

தோணிகளெல்லாம் கரை ஏறி, வியாபாரிகள் போய், சிப்பி வாடையும் அடங்கின ஒரு சாயங்காலம் அந்தக் கை குசினி வாசலில் நீண்டது. பானையில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தேன். காதுப் பக்கம் கொண்டுபோய் அழுத்திப் பார்த்திருப்பார். பிறகு தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கேட்டது. மறுபடியும் கேட்டது.

"யம்மா, தீப்பெட்டிய எங்கன வச்சிருந்த?"

நான் எட்டிப் பார்த்தேன். மருந்து வழண்ட குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் பற்றாத சுருட்டோடு, அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அடுப்பிலிருந்து ஒரு கங்கை இடுக்கியில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவர் குனிந்து அதில் பற்றவைத்துக்கொண்டார்.